நோயாளியைக் கேட்கும் படிப்பு

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்து கொண்ட படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது போனஸைப் பற்றியோ கூலி உயர்வைப் பற்றியோ அல்ல. காலேஜில் பிள்ளைகள் படிக்கிற ஒரு பாடத்தைப் பற்றி. நம்முடைய குடும்பங்களிலிருந்து இப்பொழுது பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் பி.ஏ. சமூகவியல் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படிப்பிலே "மருத்துவச் சமூகவியல்" என்று ஒரு பாடம் வருகிறது. பெயரைக் கேட்டதும் பெற்றோருக்குக் குழப்பம். "டாக்டர் வேலைக்கும் ஆகாது, நர்ஸ் வேலைக்கும் ஆகாது. ஊசி போடத் தெரியாது, மருந்து கொடுக்கத் தெரியாது. பிறகு எதற்கு மருத்துவம் என்று பெயர்? மூன்று வருஷம் பீஸ் கட்டி இதைப் படித்து என் பெண் என்ன செய்யப் போகிறாள்?" என்று சங்க ஆபீஸில் பல பேர் கேட்டு விட்டார்கள். நியாயமான கேள்வி. வாங்குகிற கூலியில் மிச்சம் பிடித்துப் படிக்க வைக்கிறவனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். காலேஜ் வாசலில் நின்று பேசியிருக்கிறேனே ஒழிய, உள்ளே உட்கார்ந்து படித்தவனில்லை. ஆகவே பிள்ளைகளிடமே புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். விளங்காத இடத்தில் அவர்களையே கேட்டேன். அதில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பிழைப்பு விஷயத்தைப் பேசி முடித்து விடுவோம். இந்த ஒரு பாடத்தைப் படித்தால் உத்தியோகம் தேடி வரும் என்று நான் சொன்னால் அது பொய். மேற்கொண்டு சமூகப் பணிப் பட்டம் படித்தால் ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணியாளர் வேலை, சுகாதாரத் திட்டங்களில் களப் பணி, கணக்கெடுப்பு வேலை என்று சில வழிகள் உண்டு. அவற்றில் பல ஒப்பந்த வேலைகள், சம்பளமும் அதிகமில்லை. இது தெரிந்தே சேர வேண்டும். ஆனால் இந்தப் பாடம் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, அவை நம்முடைய வீட்டுக் கேள்விகள். அதனால்தான் கூட்டம் போட்டுப் பேசத் தகுந்தது என்று நினைத்தேன்.

டாக்டர் என்ன கேட்கிறார்? இந்த ஆளுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று கேட்கிறார். அது அவருடைய வேலை. இந்தப் பாடம் கேட்பது வேறு. ஒரு நோய் ஏன் மேலத் தெருவில் குறைவாகவும் சேரியில் அதிகமாகவும் இருக்கிறது? ஒரே காய்ச்சலில் ஒருவன் மூன்றாம் நாள் எழுந்து நடமாடுகிறான், இன்னொருவன் வீட்டில் சாவு விழுகிறது, இது எப்படி? ஆஸ்பத்திரி இருந்தும் ஒருத்தி ஏன் போகவில்லை? போனவளை அங்கே எப்படி நடத்தினார்கள்? எது நோய், எது நோயில்லை என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இவைதான் பாடம்.

இந்தக் கேள்விகள் நேற்று முளைத்தவை அல்ல. 1848-ம் வருஷம் பிரஷ்ய ராஜ்யத்தின் மேல் சைலீஷியாவில் பஞ்சம். கூடவே டைபஸ் என்ற விஷக் காய்ச்சல். (டைபாய்டு வேறு, இது வேறு.) அந்தப் பிரதேசத்தின் பெரும் பகுதி இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அங்கிருந்த ஏழைக் குடியானவர்களும் போலிஷ் பாஷை பேசியவர்கள்தான். சர்க்கார் ஒரு டாக்டரை அனுப்பிப் பார்த்து வரச் சொன்னது. ருடால்ஃப் விர்ஹோ என்று பெயர். வயது 26. மூன்று வாரம் கூட அவர் அங்கே தங்கவில்லை. ஆனால் திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் என்ன சிபாரிசு செய்தார் தெரியுமா? ஜனங்களுக்கு ஜனநாயக உரிமை வேண்டும், தாய் பாஷையில் கல்வி வேண்டும், வரிச் சுமையை ஏழையின் தலையிலிருந்து இறக்கிப் பணக்காரன் மேல் வைக்க வேண்டும், ரோடு போட வேண்டும், விவசாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று எழுதினார். கஷாயப் பட்டியல் எதிர்பார்த்த சர்க்காருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அறிக்கைக்கான பயணம் முடிந்து பெர்லின் திரும்பிய சில நாட்களிலேயே அங்கே வெடித்த புரட்சியில் அவரும் தெருத் தடுப்புகளில் போய் நின்றார்.

டைபஸ் பேன் மூலம் பரவுகிறது என்பது 1909-ல்தான் தெரிய வந்தது. விர்ஹோவுக்கு அது தெரியாது. தெரியாமலே, பசியும் நெருக்கடியான குடிசையும் மாற்றுத் துணி இல்லாத வறுமையும் இருக்கிற இடத்தில்தான் இந்தக் காய்ச்சல் ஆட்டம் போடுகிறது என்பதைக் கண்ணால் கண்டு எழுதினார். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1845-ல், எங்கெல்ஸ் மான்செஸ்டர் பஞ்சாலைத் தொழிலாளரின் வீட்டையும் தெருவையும் நோயையும் சாவையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதியதை உங்களில் பல பேர் அறிவீர்கள். அப்பொழுது அவருக்கு வயது 24. அவரையும் இந்தப் பாடத்தில் படிக்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியும் இங்கிலாந்தும் இருக்கட்டும். நம் நாட்டிலேயே நடந்த ஒரு காரியம் இருக்கிறது. நான் பார்த்த புத்தகத்தில் அதற்கு நாலு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் பட்டது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1950களில் இந்தியாவில் க்ஷயரோகம், அதாவது டி.பி., ஏராளமான உயிர்களைக் குடித்துக் கொண்டிருந்தது. நோயாளிகள் லட்சக் கணக்கில். ஆஸ்பத்திரிப் படுக்கைகளோ மிகச் சொற்பம். என்ன செய்வது என்று மேலே இருந்தவர்கள் யோசித்தார்கள். அவர்களில் பலருக்கு ஓர் எண்ணம் இருந்தது. கிராமத்து ஜனங்கள் அறியாதவர்கள். மாசக் கணக்கில் இருமினாலும் பொருட்படுத்த மாட்டார்கள். தானாக ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். ஆகையால் எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக ஓட்டி, நல்லவன் நோயாளி எல்லோரையும் படம் பிடித்து, நோயாளியைத் தேடிக் கண்டு பிடிக்க வேண்டும் என்பது அந்த எண்ணம். இத்தனை கோடி ஜனங்களுக்கு எத்தனை வண்டி, எத்தனை பிலிம், எத்தனை பணம்?

1959-ல் பெங்களூரில் தேசிய டி.பி. நிலையம் தொடங்கப்பட்டது. அதிலே டெபாபர் பானர்ஜி என்ற டாக்டரும், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்டிக் ஆண்டர்சன் என்பவரும் ஒரு சாதாரணக் காரியம் செய்தார்கள். எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களிடம் ஆள் அனுப்பிப் பேச்சுக் கொடுத்துக் கேட்டார்கள். இது தும்கூர் ஜில்லாவின் கிராமங்களிலும் ஊர்களிலும் நடந்தது. உங்கள் உடம்புக்கு என்ன செய்கிறது? அதைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா? கவலைப்பட்டு என்ன செய்தீர்கள்? எங்கே போனீர்கள்? அங்கே என்ன சொன்னார்கள்? இவ்வளவுதான் கேள்வி.

கிடைத்த பதில் என்ன? நோய் உறுதியானவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் கோளாறு இருப்பது நன்றாகவே தெரிந்திருந்தது. பெரும்பாலோர் அதை நினைத்துக் கவலைப்பட்டுக் கொண்டும் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போய் வந்தவர்கள். எக்ஸ்ரே வண்டி வருவதற்கு முன்னாலேயே, தங்கள் காலால் நடந்து, தங்கள் காசைச் செலவழித்துப் போனவர்கள்!

சரி, போன இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து. சளியைச் சோதிக்கவில்லை. மார்பைப் படம் பிடிக்கவில்லை. இருமல் மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். அந்த ஜனங்களைத்தான் அறியாதவர்கள் என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

இந்த ஆய்வு 1963-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. இந்த உண்மைகள் கைக்கு வந்த பிறகு, 1962-ல் வகுத்த தேசிய டி.பி. திட்டத்தில் பாதை மாறியது. ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி ஓட்டுவதைப் பிரதானமாகக் கொள்ளாமல், இருமலோடு தானாக வருகிற ஆளின் சளியைச் சாதாரண சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அங்கேயே மருந்து கொடுப்பது என்று முடிவாயிற்று. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று போனால் சளி கேட்கிறார்களே, அதற்குப் பின்னால் இந்தக் கேள்விகளும் இருக்கின்றன. அதோடு எல்லாம் சரியாகி விட்டது என்று நினைக்க வேண்டாம். திட்டம் நல்லது, பணம் கொடுக்கவில்லை, மருந்தும் போதிய அளவு வரவில்லை. 1992-ல் பரிசீலித்துப் பார்த்த போது மருந்தை முழுக்க முடித்தவர்கள் குறைவு என்று தெரிந்து, திட்டத்தைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று.

தும்கூர் ஆய்வை நடத்த மருந்துக் கம்பெனி வேண்டியிருக்கவில்லை. கேட்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சொன்னதை அப்படியே எழுதிக் கொள்ளும் நேர்மையும் வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் படிக்கிற பாடம் இந்தத் தொழிலைத்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.

டி.பி.யைப் பேசும் போது சென்னையைச் சொல்லாமல் விட முடியாது. 1956-ல் சேத்துப்பட்டில் டி.பி. மருந்துச் சிகிச்சை மையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி சபை, சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி சபை எல்லாம் சேர்ந்து நடத்தின. அக்காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்துக்குப் போக வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு வேண்டும் என்பது விதி. ஏழைக்கு மூன்றும் கிடையாது. அந்த மையத்தார் 193 நோயாளிகளைச் சீட்டுப் போடுவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்தில். மறு பகுதி சென்னையின் நெரிசலான வீடுகளில், தங்கள் வழக்கமான அரைகுறைச் சாப்பாட்டோடு. இரு பகுதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

இதைக் கேட்டதும் ஒருவர் எழுந்து, "அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை என்கிறீர்களா? மருந்து இருந்தால் போதுமா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும். இந்த இடத்தில் வறட்டுக் கோஷம் உதவாது. உண்மையை உண்மையாகப் பார்க்க வேண்டும். மருந்து ஒழுங்காகக் கைக்கு வந்து சேர்ந்தால் ஏழையும் குணமடைகிறான் என்பதைச் சென்னை ஆய்வு காட்டியது. சேத்துப்பட்டு மையத்தில் வீட்டுக்கு ஆள் போய், மாத்திரையை எண்ணிப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, விடாமல் கவனித்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஆனால் நோய் வந்தவனைக் குணமாக்குவது ஒன்று. நோயே வராமல் தடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்விக்கு 2023-ல் ஒரு பதில் வந்தது. ஜார்க்கண்டில், அந்தச் சென்னை மையத்தின் வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமும் பங்கு கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். டி.பி. நோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு மாதா மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்ட போது, கொடுத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. 10,000-க்கு மேற்பட்டவர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு. அரிசியும் பருப்பும் தோழர்களே, வேறொன்றுமில்லை!

(இங்கே ஒரு வார்த்தை. டி.பி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சத்துணவுக்காக மத்திய சர்க்கார் பணம் தருகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். பாங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வராதவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.)

இந்தப் பாடத்துக்கு இரண்டு முகம் உண்டு. 1957-லேயே ராபர்ட் ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கர் இதைப் பிரித்துச் சொன்னார். டாக்டர்களுக்கு ஒத்தாசையாக, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடிக் கொடுப்பது ஒரு வகை. டாக்டர், ஆஸ்பத்திரி, அதன் நடைமுறை ஆகியவற்றையே ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொள்வது மறு வகை. இரண்டும் வேண்டும் என்றாலும், முதலாவது மட்டும் கற்றவன் நம்மிடம் வந்து கேட்பான்: "நீ ஏன் மாத்திரையை நிறுத்தினாய்?" இரண்டாவதும் கற்றவன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்பான்: "கூலிக்காரன் வயலில் நிற்கிற நேரத்தில் மட்டும் ஏன் மருந்து ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்கள்?" கேள்வி எந்தப் பக்கம் நின்று கேட்கப்படுகிறதோ, குற்றவாளி எதிர்ப்பக்கம் ஆகி விடுகிறான்.

மருந்தை நடுவில் விட்டவனுக்கு டி.பி. திட்டத்தில் நெடுங்காலம் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? டிபால்டர். பாங்கியில் கடன் கட்டாதவனுக்கு வைக்கிற பெயர்! 2013-ல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த வார்த்தையை எடுத்து விட்டு, தொடர்பு விட்டுப் போனவர் என்ற பொருளில் வேறு வார்த்தை போட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கடன்காரன் என்று எழுதினால் ஆளை மிரட்டத் தோன்றும். தொடர்பு விட்டது என்று எழுதினால், விட்டது யார் என்று கேட்கத் தோன்றும்.

புத்தகத்தில் இன்னோர் அமெரிக்கர் வருகிறார். டால்காட் பார்சன்ஸ். 1951-ல் எழுதியவர். நோயாளி என்பதும் சமூகத்தில் ஒரு ஸ்தானம்தான் என்கிறார் அவர். அந்த ஸ்தானத்துக்கு இரண்டு சலுகை, இரண்டு கடமை. வழக்கமான வேலையிலிருந்து விலக்கு உண்டு. நோய் வந்ததற்கு அவனைக் குறை சொல்லக் கூடாது. இவை சலுகை. குணமாக வேண்டும் என்று அவன் விரும்ப வேண்டும். தகுந்த வைத்தியரிடம் போய் அவர் சொல்கிறபடி நடக்க வேண்டும். இவை கடமை. பரீட்சையில் இது கட்டாயம் வருமாம், பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்.

நடவுக்குப் போகிற தாய்மார்களே, உங்களையே கேட்கிறேன். காய்ச்சல் என்று படுத்தால் உங்களுக்கு வேலையிலிருந்து யார் விலக்குக் கொடுத்தார்கள்? வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் உலை இல்லை. வீட்டு வேலையிலிருந்து விலக்கு உண்டா? அதுவும் கிடையாது. இடுப்பு வலியோடு குனிந்து நாற்று நட்டு விட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடம் தூக்குகிறீர்கள். ஆக, சலுகை இரண்டும் இல்லை. கடமை இரண்டும் உண்டு! பார்சன்ஸ் எழுதியதை இந்தக் களத்து மேட்டில் வைத்துப் பார்த்தால் பாதி ஆட்டம் கண்டு விடுகிறது. நம் பிள்ளைகள் பரீட்சையில் இதையும் சேர்த்து எழுதினால் வாத்தியார் மார்க்கைக் குறைக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். குறைத்தாலும் எழுதலாம்.

மில் தொழிலாளியின் நிலைமை இதில் கொஞ்சம் வேறு. 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. சந்தா நிபந்தனை பூர்த்தியாகியிருந்தால், நோய்க்கு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. அதாவது, நோயாளியாகப் படுக்கிற உரிமை சட்டப் புத்தகத்தில் ஏறினால்தான் தொழிலாளிக்குக் கிடைக்கிறது. அதே மில்லில் காண்டிராக்டில் வருகிறவனுக்கும், விடுதியில் வைத்து வேலை வாங்கப்படுகிற பெண்களுக்கும் அது ஒழுங்காகக் கிடைக்கிறதா? இ.எஸ்.ஐ. கார்டு அவர்கள் கையில் இருக்கிறதா? இதை ஒரு மாணவி எடுத்து ஆராய்ந்தால் போதும், அருமையான ஆராய்ச்சியாகும்.

எது நோய் என்று தீர்மானிப்பது யார் என்று முதலில் சொன்னேன் அல்லவா? ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது நன்றாக விளங்கும். வார ஓய்வு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனதும் நெஞ்சைப் பிடித்து இறுக்குகிறது, மூச்சு முட்டுகிறது. மறுநாள் கொஞ்சம் தேவலாம். வருஷம் போகப் போக எல்லா நாளும் இறுக்கம். கடைசியில் மாடிப்படி ஏற முடியவில்லை. இதற்குப் பிஸினோஸிஸ் என்று பெயர். பஞ்சுத் தூசியால் வருவது. இதிலே ஒரு வேடிக்கை, வேதனையான வேடிக்கை. எக்ஸ்ரே எடுத்தால் இந்த நோய்க்கென்று தனி அடையாளம் எதுவும் தெரியாது. "படம் சுத்தமாக இருக்கிறது. பீடி குடிப்பாயா? அதுதான் காரணம், போ" என்று சொல்லி அனுப்ப வசதியாக இருந்தது.

1950களில் மான்செஸ்டரைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் லங்காஷயர் மில் தொழிலாளரைப் பரிசோதித்தார். அவர் நோயின் படிகளை எப்படி வகுத்தார் தெரியுமா? கேள்வி கேட்டு! திங்கட்கிழமை நெஞ்சு இறுகுகிறதா? எப்போதாவதா, எல்லாத் திங்கட்கிழமையுமா? மற்ற நாளிலும் உண்டா? தொழிலாளி சொன்ன பதிலை வைத்தே படி வகுத்தார். பிரிட்டனில் 1941 முதலே இந்த நோய்க்கு நஷ்ட ஈட்டு ஏற்பாடு இருந்தது. அமெரிக்காவின் தென் ராஜ்யங்களிலோ முதலாளிகள் அப்படி ஒரு நோயே எங்கள் மில்லில் இல்லை என்று வருஷக் கணக்கில் சாதித்தார்கள். 1975-ல் கரோலினா பகுதிகளில் மூச்சு வாங்குகிற ஓய்வு பெற்ற கிழத் தொழிலாளர்கள் பிரவுன் லங் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். ஊர் ஊராக மூச்சுச் சோதனை முகாம் நடத்தினார்கள். 1978-ல் பஞ்சுத் தூசிக்கு சர்க்கார் உச்சவரம்பு விதித்தது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். செலவுக் கணக்குக் காட்டினார்கள். 1981-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நம் நாட்டிலும் 1948 பாக்டரி சட்டத்தின் அட்டவணையில், கண்டு பிடித்த டாக்டர் சர்க்காருக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் பிஸினோஸிஸ் இடம் பெற்றிருந்தது. உங்களில் எத்தனை பேருக்கு, எந்த டாக்டராவது "திங்கட்கிழமை எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்? கை தூக்குங்கள் பார்க்கலாம். ... இரண்டு கை. சரி, குறித்துக் கொள்கிறேன்.

டாக்டர்களை எல்லாம் குறை சொல்வதாக யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். விர்ஹோ டாக்டர், பானர்ஜி டாக்டர், ஷில்லிங் டாக்டர். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்றும் ஒருவர் இருந்தார். 1961-ல் வேல்ஸ் நாட்டில் க்ளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்குப் போய் அங்கேயே வைத்தியம் பார்த்தவர். கம்யூனிஸ்டு வேட்பாளராகத் தேர்தலிலும் நின்றவர். கிராமத்தில் வயது வந்த எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக் கணக்கு வைத்தார். நோய் எங்கே அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு, நோய் எங்கே குறைவோ அங்கே வைத்தியம் அதிகம். வைத்தியத்தைச் சந்தைக்கு விட விட இந்தத் தலைகீழ் முறை முற்றும் என்று 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். பல பாடப் புத்தகங்களில் அது இருக்கிறது. 2018-ல் காலமானார்.

இப்பொழுது படிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. கடைசி வருஷத்தில் களத்துக்குப் போய் ஏதாவது எழுத வேண்டும் என்கிறார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்து நாற்பது கேள்வி அச்சடித்துக் கொண்டு வந்து, "உங்களுக்குச் சுகாதார அறிவு உண்டா, இல்லையா?" என்று கட்டம் போட்டு நிரப்பாதீர்கள். ஷிப்டு முடிந்து வருகிறவன் எதையாவது சொல்லி உங்களை அனுப்பி விடுவான். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும் போது தூசியைப் பற்றிக் கேட்காதீர்கள். பெயர் எழுதாதீர்கள், வேலை போய் விடும். எழுதி முடித்ததைக் காலேஜில் கொடுக்கும் முன்னால், இந்தப் படிப்பகத்தில் வந்து வாசித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் இங்கே இருக்கிறவர்கள் திருத்துவார்கள்.

இங்கே இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகள் நோட்டோடு வந்தால் சிரித்து அனுப்பாதீர்கள். உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். கிராமத்துத் துணை சுகாதார நிலையம் ஊரில் இருக்கிறதா, சேரியில் இருக்கிறதா, சேரிக்காரன் அதன் வாசலில் எங்கே நிற்கிறான் என்று கேட்டால், தயங்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். ஒரே ஒரு தாயை எடுத்துக் கொள்ளுங்கள். களை எடுக்கிற வேலைக்குப் போகிறவர். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு நாளைக் காலை முதல் கூடவே இருந்து எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினார். கைக் குழந்தையை யாரிடம் விட்டார். பஸ்ஸுக்கு என்ன கொடுத்தார். சீட்டு எழுத எத்தனை நேரம், டாக்டர் முன்னால் எத்தனை நிமிஷம். டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசினாரா. ரத்தப் பரிசோதனைக்கு நாளை வா என்றார்களா. வெளியே வாங்கு என்று எழுதிக் கொடுத்த மருந்து என்ன விலை. மத்தியானம் என்ன சாப்பிட்டார், சாப்பிட்டாரா. அன்றைக்குப் போன கூலி எவ்வளவு. மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனாரா, களை எடுக்கப் போனாரா. வைத்தியம் இலவசம் என்று எழுதியிருக்கிற அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் இத்தனையையும் கூட்டிப் போடுங்கள்.